எதிரே வருபவரின் கண்ணுக்கும் சேர்த்து: கார் முகப்பு விளக்கு கழுவும் அமைப்பு, முழுமையான வழிகாட்டி

மழை ஓய்ந்த சாலையில், லாரிகளுக்குப் பின்னால் நூறு கிலோமீட்டர் ஓடி வந்த காரை இரவில் ஒரு வெள்ளைச் சுவருக்கு ஏழெட்டு மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். ஒரு பக்க விளக்கை மட்டும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மற்றதை அப்படியே விட்டு, இரண்டையும் டிம்மில் எரியவிட்டுப் பாருங்கள். துடைத்த பக்கத்தில் வெளிச்சம் வெண்மையாகவும், அதன் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போலவும் இருக்கும். துடைக்காத பக்கத்தில் வெளிச்சம் மங்கிப் பழுப்பேறியிருப்பதோடு, அந்த விளிம்பும் கரைந்து, கோட்டுக்கு மேலே ஒரு வெளிறிய படலம் பரவியிருக்கும். மங்கிய வெளிச்சம் நமக்கு நேரும் இழப்பு. கோட்டுக்கு மேலே பரவிய படலம் எதிரே வருபவரின் கண்ணில் போய் விழுவது.

பம்பரில் இருந்து எழும்பி விளக்கின் மேல் நீரைப் பீய்ச்சிவிட்டு மீண்டும் உள்ளே ஒளிந்துகொள்ளும் சிறிய குழாய்கள் இந்த இரண்டு கேடுகளையும் தடுப்பதற்காக வைக்கப்பட்டவை. ஆயினும் அவற்றைப் பலரும் ஓர் ஆடம்பரமாகவோ, வாஷர் நீரை வீணாக்கும் தொல்லையாகவோதான் நினைக்கிறார்கள். நார்வேயிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உப்புத் தூவிய குளிர்காலச் சாலைகளில் ஓட்டும் நம்மவர்களுக்கும், செனான் விளக்குள்ள (செனான் வாயுவில் மின்வில் எழுப்பி மிகுந்த ஒளி தரும் விளக்கு) ஐரோப்பியக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியவர்களுக்கும் இந்த அமைப்பைப் புரிந்துகொள்வது உடனடியாகப் பயன்படும். இந்த அமைப்பே இல்லாத காரை ஓட்டுபவர்களுக்கான பகுதி இறுதியில் இருக்கிறது.

அழுக்கு செய்யும் இரண்டு கேடுகள்

முதல் கேடு தொலைவு குறைவது. வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், விளக்கின் ஒளி பாதியானால் நாம் காணும் தொலைவும் பாதியாகிவிடாது. ஏறத்தாழ 71 விழுக்காடாகக் குறையும். கேட்பதற்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த ஆறுதல் நிற்காது. சுத்தமான டிம் ஒளியில் சாலையில் கிடக்கும் ஒரு பொருளை 60 மீட்டரில் காண முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. பார்த்து உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி எடுத்துக்கொண்டால் 25 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் நிதானமாகப் பிடிக்கும் பிரேக்கில் நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 60 மீட்டர், சரியாகப் பொருந்துகிறது. இப்போது அழுக்கினால் ஒளி பாதியாகி, காணும் தொலைவு 42 மீட்டராகிவிட்டால், அதே கணக்கின்படி பாதுகாப்பான வேகம் 48 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பதில்லை, ஏனெனில் விளக்கு மங்கியதே அவருக்குத் தெரியாது. அழுக்கு ஒரே நொடியில் படிவதில்லை. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் சிறிது சிறிதாகப் படிகிறது, கண்ணும் சிறிது சிறிதாகவே பழகிக்கொள்கிறது. முன்பக்கக் கண்ணாடி அழுக்கானால் உடனே கை வைப்பர் கைப்பிடிக்குப் போகும். விளக்கின் கண்ணாடி நம் பார்வைக்கு எதிரே இல்லாததால் அதை நினைவூட்ட எதுவுமில்லை.

இரண்டாவது கேடு சிதறல். டிம் ஒளியின் வடிவம் மிகக் கவனமாக அமைக்கப்பட்டது: கோட்டுக்குக் கீழே சாலைக்கு நிறைய ஒளி, கோட்டுக்கு மேலே எதிரே வருபவரின் கண்ணுக்கு மிகக் குறைந்த ஒளி. விளக்கின் மேல் படிந்த ஒவ்வொரு மண்துகளும், உப்புப் பொடியும், பூச்சியின் எச்சமும் தன் மேல் விழும் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மற்றொரு பகுதியைக் கண்ட திசையில் தெறிக்கவிடுகிறது. இதனால் சாலைக்குப் போக வேண்டிய ஒளி குறைகிறது, போகக் கூடாத இடத்தில் ஒளி கூடுகிறது. மூடுபனியில் இந்தச் சிதறிய ஒளி ஓட்டுநருக்கு எதிராகவும் திரும்பும். கண்மட்டத்தில் உள்ள பனித்திவலைகள் ஒளிர்ந்து ஒரு வெள்ளைத் திரையாக முன்னே நிற்கும். விளக்கு மங்கிவிட்டதென்று நினைத்து இன்னும் பிரகாசமான பல்பை மாற்றுபவர்கள், அழுக்கைத் துடைக்காதவரை சிதறலையும் சேர்த்தே பெருக்குகிறார்கள்.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் ஷெவர்லே நிறுவனம் 1969-ஆம் ஆண்டுக் கார்களில் விளக்கின் மேல் நீர் பீய்ச்சும் வசதியைக் கூடுதல் விலைக்கு வழங்கியது. இந்தச் சிக்கலை உயிர் பிழைப்பதற்கான சிக்கலாகவே பார்த்தவர்கள் ஸ்வீடன் நாட்டினர். அங்கே குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமே நீடிக்கும். சாலையில் தூவும் உப்பும் உருகிய பனியும் கலந்த சேறு முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து ஓயாமல் தெறிக்கும். அந்நாட்டின் சாப் கார் நிறுவனம் 1970-இல் ஒவ்வொரு முகப்பு விளக்குக்கும் நீருடன் ஒரு குட்டி வைப்பரையும் பொருத்தியது. முன்பக்கக் கண்ணாடியின் வைப்பரைச் சிறிதாக்கியது போன்ற அந்த அமைப்பைப் பின்னர் வோல்வோ, மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்களின் கார்களிலும் காண முடிந்தது.

அந்த வைப்பர்கள் இன்று மறைந்துவிட்டதற்குக் காரணம் விளக்கின் கண்ணாடியே. அன்றைய விளக்குகளின் முகப்பு உண்மையான கண்ணாடி, அதில் ரப்பர் தேய்ந்தாலும் கீறல் விழாது. 1990-களில் ஐரோப்பியக் கார்களில் பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக் முகப்பு பரவியது. அது எடை குறைந்தது, கல் பட்டால் உடையாதது, எந்த வளைவுக்கும் வார்க்கக்கூடியது. ஆனால் மென்மையானது. அதன் மேல் பூசப்படும் கடினப் பூச்சைத் தாண்டி மணல் உரசினால் கீறல் விழுந்துவிடும். எனவே தொட்டுத் துடைக்கும் முறை கைவிடப்பட்டு, தொடாமல் நீரின் வேகத்தாலேயே கழுவும் முறை வந்தது.

2000 லூமென் என்ற கோடு

1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரீஸ் காரில் செனான் விளக்கு வந்தபோது சிதறல் என்ற சிக்கல் பெரிதானது. சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு டிம்மில் ஏறத்தாழ 1000 லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியை அளக்கும் அலகு) ஒளி தரும். எச்7 பல்பு 1500 தரும். 35 வாட் டி2எஸ் செனான் பல்போ 3200 லூமென் தரும். மூலத்தில் ஒளி மிகுந்தால், அதே அளவு அழுக்கு தெறிக்கவிடும் ஒளியும் மிகும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 48-ஆம் எண் விதி, டிம் ஒளியின் மூலம் 2000 லூமெனுக்கு மேல் ஒளி தருமானால் அந்தக் காரில் விளக்கு கழுவும் அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. பாரம் ஏறும்போது விளக்கின் சாய்வைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பையும் அத்தகைய கார்களிடம் கேட்கிறது. இரண்டின் நோக்கமும் எதிரே வருபவரின் கண்ணைக் காப்பதுதான். ஓட்டுநரின் வசதிக்காக மட்டும் என்றால் இதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டிய தேவையே எழுந்திராது.

கழுவும் அமைப்பு எவ்வளவு நன்றாகக் கழுவ வேண்டும் என்பதை 45-ஆம் எண் விதி சொல்கிறது. வகுத்துரைத்த அழுக்குக் கலவையை விளக்கின் மேல் தெளித்துக் காயவைத்து, ஒளியை அதன் பழைய அளவில் 20 விழுக்காட்டுக்கோ அதற்குக் கீழோ இறக்குவார்கள். கழுவி முடித்தபின் அது குறைந்தது 70 விழுக்காட்டுக்கு மீள வேண்டும். முன்னர் போட்ட கணக்கை இங்கும் போட்டால், காணும் தொலைவு ஏறத்தாழ 45 விழுக்காட்டிலிருந்து 84 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. எத்தனை முறை கழுவ நீர் இருக்க வேண்டும் என்பதற்கும் 25 முறை, 50 முறை என்று இரு வகுப்புகள் உண்டு. இந்த அமைப்புள்ள கார்களில் வாஷர் டேங்க் பெரிதாக இருப்பதன் காரணம் இதுவே.

இந்த 2000 லூமென் கோட்டுக்கு ஒரு பக்க விளைவும் ஏற்பட்டது. கோட்டைத் தாண்டாமல், சரியாக 2000 லூமென் தரும் 25 வாட் செனான் பல்புகள் உருவாக்கப்பட்டன. கழுவும் அமைப்பின் செலவு இல்லாமலே செனான் விளக்கைச் சிறிய கார்களில் தர அவை வழிவகுத்தன. பின்னர் வந்த எல்இடி விளக்குகளில் பலவும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அமைக்கப்படுவதால், புதிய கார்களில் இந்தக் குழாய்கள் அருகிவருகின்றன. இது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. எல்இடி விளக்கு தன் வெப்பத்தைப் பின்புறமுள்ள உலோகத் துடுப்புகள் வழியாக வெளியேற்றுவதால், அதன் முகப்பு குளிர்ந்தே இருக்கிறது. ஹாலஜன் விளக்கின் முகப்பில் விழும் பனி உருகி வழிந்துவிடும் என்றால், எல்இடியின் முகப்பில் அது அப்படியே அப்பிக்கொள்ளும். எதிர்வரும் காரைச் சுற்றி மட்டும் ஒளியை அணைக்கும் மேட்ரிக்ஸ் வகை விளக்குகளிலும், அணைத்து வைத்த அந்த இருட்டுக்குள் அழுக்கு ஒளியைத் தெறிக்கவிடத்தான் செய்யும்.

கைப்பிடியை இழுத்தபின் என்ன நடக்கிறது

ஓட்டுநர் வாஷர் கைப்பிடியை இழுக்கிறார். முன்பக்கக் கண்ணாடிக்கு நீர் தரும் சிறிய பம்ப் ஓடத் தொடங்குகிறது. அதே நேரத்தில் கட்டுப்பாட்டுக் கருவி சிலவற்றைச் சரிபார்க்கிறது: டிம் ஒளி எரிகிறதா, டேங்க்கில் போதிய நீர் இருக்கிறதா, கடைசியாக விளக்கைக் கழுவி எத்தனை முறை கண்ணாடி கழுவப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கார்களில் விளக்கை எரியவிட்டபின் முதன்முறை கண்ணாடியைக் கழுவும்போது விளக்கும் சேர்ந்து கழுவப்படும். அதன்பின் ஐந்து முறைக்கு ஒருமுறை, பத்து முறைக்கு ஒருமுறை என்று அந்தந்த நிறுவனம் வகுத்தபடி நடக்கும். சில கார்களில் கைப்பிடியை ஓரிரு வினாடிகள் பிடித்து வைத்தால்தான் விளக்குக்கு நீர் போகும். தனிப் பொத்தான் வைத்த கார்களும் உண்டு. உங்கள் காரின் வழக்கம் எது என்பதைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்வதே இந்த வழிகாட்டியின் முதல் வேலை.

நிபந்தனைகள் பொருந்தினால், ரிலே எனும் மின்சுவிட்ச் வழியாக இரண்டாவது பம்ப் ஓடுகிறது. இது கண்ணாடியின் பம்பைவிடப் பெரியது, மிகுந்த அழுத்தம் தருவது. அதே டேங்க்கிலிருந்து நீரை எடுத்து, தடித்த ஹோஸ் வழியாக பம்பருக்குப் பின்னால் அனுப்புகிறது. அங்கே ஒரு ‘T’ வடிவ இணைப்பு நீரை இடமும் வலமும் பிரிக்கிறது.

ஒவ்வொரு பக்கத்திலும் பம்பருக்குள் ஓர் உருளையும், அதனுள் நகரும் குழல் போன்ற ஒரு பிஸ்டனும், அதை உள்ளே இழுத்து வைத்திருக்கும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. பிஸ்டனின் முனையில் நீரைப் பீய்ச்சும் நாசில், நாசிலின் மேல் காரின் நிறத்திலேயே பூசிய மூடி. உருளைக்குள் நீர் வந்து அழுத்தம் ஏறியதும் ஸ்பிரிங்கை மீறிப் பிஸ்டன் வெளியே நீள்கிறது. நாசில் விளக்கின் எதிரே சரியான இடத்தை அடைவதற்கு முன்பே நீர் கசிந்துவிட்டால் அழுத்தமும் போய், நீரும் வீணாகும். எனவே பிஸ்டனுக்குள் ஒரு வால்வு காவல் காக்கிறது: ஸ்பிரிங்கை முழுமையாக நீட்டத் தேவையான அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில்தான் அது திறக்கும். இந்த ஒரு சிறிய ஏற்பாட்டால், மின்மோட்டாரோ தனிக் கம்பியோ இல்லாமல், 'முதலில் நீள், பிறகு பீய்ச்சு' என்ற வரிசை வெறும் நீரின் அழுத்தத்தாலேயே நடந்துவிடுகிறது. கார்களின் நுட்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று.

நாசிலிலிருந்து நீர் ஒற்றைக் கம்பியாக வருவதில்லை. விசிறி போலவோ கூம்பு போலவோ விரிந்து, துளிகளாகச் சென்று விளக்கை மோதுகிறது. தேய்ப்பதற்கு ஆளில்லாத இடத்தில் அழுக்கைப் பெயர்ப்பது அந்த மோதலின் வேகமே. பல அமைப்புகள் ஒரே மூச்சில் பீய்ச்சாமல், ஒருமுறை அடித்து, சற்று நிறுத்தி, மறுமுறை அடிக்கின்றன. சோறு காய்ந்த தட்டை முதலில் ஊறப்போடுவது போல, முதல் பீச்சல் அழுக்கை நனைத்து இளக்குகிறது. இரண்டாவது அதை அடித்துச் செல்கிறது.

பம்ப் நின்றதும் அழுத்தம் இறங்குகிறது, பிஸ்டனின் வால்வு மூடிக்கொள்கிறது, ஸ்பிரிங் பிஸ்டனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஹோஸில் உள்ள நீர் டேங்க்குக்குத் திரும்பி ஓடிவிடாமல் தடுக்க ஒருவழி வால்வு ஒன்றும் உண்டு. அடுத்த முறை உடனடியாக நீர் வருவது அதனால்தான்.

டேங்க்கில் எதை ஊற்றுவது

மேலே சொன்ன நுண்ணிய வால்வுகளும் நாசில் துளைகளும் அடைபடாமல் இருக்க வேண்டுமானால், ஊற்றும் நீரில் கவனம் வேண்டும். கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பெரும்பாலும் கடினநீர். அதன் சுண்ணாம்புப் படிவு நாசிலை மெல்ல மூடிவிடும். வடித்த நீரோ சுத்திகரித்த குடிநீரோ நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தையும் தலைக்குப் போடும் ஷாம்பூவையும் கலப்பவர்கள் உண்டு. அவை நுரைத்து, காய்ந்தபின் ஒரு படலத்தை விட்டுச் செல்கின்றன, அந்தப் படலத்தில் அடுத்த தூசி எளிதாக ஒட்டிக்கொள்கிறது. வாஷருக்கென்று விற்கும் திரவத்தை வாங்கும்போது, பாலிகார்பனேட் விளக்குகளுக்கு ஏற்றது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத கரைப்பான்கள் பிளாஸ்டிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும்.

குளிர்நாடுகளில் உறையாத் திரவம் தவிர்க்க முடியாதது. அதைப் புட்டியில் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். அளவு குறைந்தால் உறையும், அளவு மிகுந்தால் பிசுக்குப் படலம் விடும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை ஒருபோதும் இதில் ஊற்றக் கூடாது. அது நஞ்சு, எண்ணெய்ப் படலம் போலக் கண்ணாடியில் படர்ந்து பார்வையையும் மறைக்கும்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். ஒருவர் உள்ளே அமர, ஒருவர் வெளியே பக்கவாட்டில் நின்று பார்த்தால் எளிது. குழாய் எழும்பும் வழியில் முகத்தையோ கையையோ வைக்க வேண்டாம்.

முதலில் டேங்க்கை நிரப்புங்கள். நீர்மட்டம் தாழ்ந்தால் எஞ்சியதை முன்பக்கக் கண்ணாடிக்காகச் சேமித்து, விளக்குக்கான நீரைப் பல கார்கள் நிறுத்திவிடும். எனவே அரை டேங்க்கில் செய்யும் சோதனை தவறான முடிவைத் தரலாம்.

அடுத்து, எஞ்சினை இயக்கி டிம் ஒளியை எரியவிடுங்கள். அமைப்பு பழுதாகிவிட்டதென்று வருபவர்களில் பலர், பகலில் விளக்கை அணைத்து வைத்துக்கொண்டே சோதித்துவிட்டு வந்தவர்கள். பகலில் தானாக எரியும் சிறு விளக்கு டிம் ஆகாது. விளக்குச் சுவிட்சை 'ஆட்டோ'வில் விட்டிருந்தாலும் பகல் வெளிச்சத்தில் டிம் எரியாது.

பிறகு, கையேட்டில் உள்ளபடி வாஷரை இயக்கிக் கவனியுங்கள். இரண்டு குழாய்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், முழு நீளத்துக்கு எழும்ப வேண்டும். முழுமையாக எழும்பிய பிறகே நீர் வர வேண்டும். விசிறி போன்ற பீச்சல், டிம் ஒளி வெளியேறும் பகுதியின் மேல் விழ வேண்டும். பானட்டின் மேலோ பம்பரின் மேலோ அல்ல. நின்றபின் குழாய்கள் தயங்காமல் உள்ளே போய், மூடி பம்பரோடு படிய அமர வேண்டும்.

இறுதியாக, ஐந்து நிமிடம் பொறுத்துக் காருக்கு அடியில் பாருங்கள். புதிய ஈரம் தெரிந்தால் ஹோஸ் இணைப்பிலோ பம்பின் அடியிலுள்ள ரப்பர் வளையத்திலோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

கோளாறை இனங்காணுதல்

இங்கே காதுதான் முதல் கருவி. வாஷரை இயக்கும்போது, கண்ணாடிப் பம்பின் மெல்லிய ஒலியோடு, அதைவிடக் கனமான இரண்டாவது ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள்.

கனமான ஒலி கேட்கவே இல்லை என்றால் சிக்கல் மின்பக்கம் இருக்கிறது. ஃபியூஸைப் பாருங்கள். கையேடு காட்டும் இடத்தில் அது நன்றாக இருந்தால் ரிலேயை அதே வகையான வேறொரு ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். அதுவும் சரியென்றால், வாஷரை இயக்கும் நேரத்தில் பம்பின் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதனை விளக்கால் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் பம்ப் சுழலவில்லை என்றால் பம்ப் இறுகிவிட்டது. நெடுநாள் நீரின்றி ஓடியதோ, மாதக்கணக்கில் ஓடாமலே கிடந்ததோ அதற்குக் காரணமாகலாம். பம்ப் பெரும்பாலும் டேங்க்கின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகப்பட்டிருக்கும்; முன்சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றினால் கைக்கு எட்டும். கழற்றும்போது டேங்க் நீர் முழுவதும் கொட்டும் என்பதால் கீழே ஒரு வாளியை வைத்துக்கொள்ளுங்கள். செனான் விளக்கு தொடங்கும் தருணத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் எழும். விளக்கின் பின்புறமுள்ள பெட்டியையும் கம்பிகளையும் விளக்கு எரியும்போது தொடவே கூடாது.

ஒலி கேட்கிறது, ஆனால் குழாய் எழும்பவில்லை என்றால் நீர்ப்பக்கம் கோளாறு. பம்பரை ஏதோ ஒரு வேலைக்காகக் கழற்றி மாட்டியபின் இது நேர்ந்தால், ஹோஸை மீண்டும் இணைக்க மறந்திருப்பார்கள் என்பதே முதல் ஐயமாக இருக்கட்டும். இணைக்காத ஹோஸில் நீர் பம்பருக்குப் பின்னால் கொட்டி, சக்கரத்தருகே வழியும்.

ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் எழும்பாவிட்டால், அந்தப் பக்கத்து ஹோஸ் மடிந்திருக்கலாம், அல்லது பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே மணல் புகுந்திருக்கலாம். இரண்டும் எழும்பி, ஆனால் இழுத்து இழுத்துத் தாமதமாக எழும்பினால், ஒருவழி வால்வு கசிந்து ஹோஸ் ஒவ்வொரு முறையும் காலியாகிவிடுகிறது.

எழும்பிய குழாய் உள்ளே போகாமல் நிற்பதுதான் அடிக்கடி காணும் கோளாறு. அப்போது கையால் வலிந்து அழுத்த வேண்டாம். வெதுவெதுப்பான நீரை ஊற்றி மணலைக் கழுவி, மெல்ல வெளியே இழுத்து உள்ளே விட்டு, காய்ந்தபின் சிறிது சிலிகான் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் வேண்டாம். அவை மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் இன்னும் இறுகச் செய்யும். ஸ்பிரிங் முறிந்திருந்தால் குழாயை முழுதாக மாற்ற வேண்டியதுதான். வெளியே நீட்டிய குழாயோடு காரைத் தானியங்கிக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனால் சுழலும் தூரிகை அதைப் பிடுங்கி எறிந்துவிடும்.

மூடி தொலைந்துபோவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மூடியில்லாத ஓட்டை வழியாகத்தான் மணலும் உப்பும் உருளைக்குள் போகின்றன. வேறு நிற மூடியாக இருந்தாலும் பரவாயில்லை, கிடைத்ததை உடனே பொருத்திவிடுங்கள்.

வாஷர் நீர் சீக்கிரம் தீர்கிறது என்பதற்காக இதன் ஃபியூஸைப் பிடுங்கிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. விதிப்படி இந்த அமைப்பு கட்டாயமான காரில் அப்படிச் செய்தால், கார் தன் விதிக்குப் புறம்பாக ஓடுகிறது. காலமுறைச் சோதனை நடத்தும் நாடுகளில் அங்கேயே சிக்கிக்கொள்ளவும் நேரும். அதைவிட, இரவில் எதிரே வருபவரிடம் அவருக்குரிய பாதுகாப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் பறித்துக்கொள்வதாகிறது. ஹாலஜன் விளக்குக்கென வடிவமைத்த கூட்டுக்குள் செனான் பல்பை மாட்டிக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஒளி கூடுகிறது, ஆனால் அந்த ஒளிக்குரிய வெட்டுக்கோடும் கழுவும் அமைப்பும் சாய்வு சரிசெய்யும் அமைப்பும் வருவதில்லை. பல நாடுகளில் இது சட்டப்படியும் குற்றம்.

பனிக்காலத்தில்

உறைபனி இரவுக்குப் பின் காலையில் மூடி பம்பரோடு ஒட்டி உறைந்திருக்கும். அந்த நிலையில் பம்ப் பிஸ்டனைத் தள்ளினால், மூடி கழன்று தெறிக்கும் அல்லது பிஸ்டன் கோணலாகி இறுகும். கிளம்பும் முன் விளக்கின் மேலும் மூடியின் மேலும் உள்ள பனியை மென்மையான தூரிகையால் தள்ளிவிடுங்கள். பனி சுரண்டும் பிளாஸ்டிக் தகடு முன்பக்கக் கண்ணாடிக்கு உரியது. விளக்கின் பிளாஸ்டிக்கில் அதை வைத்தால் கடினப் பூச்சு போய்விடும். கொதிநீரும் வேண்டாம், ஊற்றிய சில நிமிடங்களில் அதுவே புதிய பனிக்கட்டியாகிவிடும்.

கோடையில் ஊற்றிய வெறும் நீர் ஹோஸில் தங்கியிருந்தால், டேங்க்கில் உறையாத் திரவத்தை ஊற்றினாலும் ஹோஸ் உறையும். எனவே முதல் குளிருக்கு முன்பே திரவத்தை மாற்றி, வாஷரைச் சில முறை இயக்கி, குழாய் முழுவதும் புதிய திரவம் நிரம்பும்படி செய்துவிட வேண்டும்.

இந்த அமைப்பு இல்லாத காரில்

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த அமைப்பு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றும், ஜல்லி கிரஷர்களை அடுத்த சாலைகளின் வெண்தூசும், மழைக்கால மாலைகளில் கூட்டமாக வந்து மோதும் ஈசலும் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே கை வேலைதான்.

விளக்கை அணைத்துச் சிறிது ஆறவிடுங்கள். பழைய கார்களின் உண்மையான கண்ணாடி முகப்பில் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம். பிறகு நிறைய நீரை ஊற்றி மணலைக் கழுவிவிடுங்கள். உலர்ந்த துணியால் துடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்போது துணி உப்புத்தாளாக மாறி மணலைக் கொண்டே பூச்சைத் தேய்க்கிறது. காய்ந்த பூச்சி எச்சத்தின் மேல் ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால் அது தானே இளகும். அதன்பின் மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஆகிய எதுவும் பிளாஸ்டிக் விளக்கின் அருகே வரக் கூடாது.

துடைத்தும் மங்கலாகவே இருந்தால், அது அழுக்குத்தானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. விளக்கின் மேல் நீரை ஊற்றுங்கள். நனைந்திருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மீண்டும் மங்கினால், வெயிலின் புறஊதாக் கதிரால் மேற்பூச்சு சிதைந்து முகப்பு சொரசொரப்பாகிவிட்டது. நுண்கீறல்களை நீர் நிரப்புவதால்தான் நனையும்போது தெளிகிறது. எந்த வாஷரும் இதைச் சரிசெய்யாது. தேய்த்து மெருகேற்றி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் புதிய பூச்சும் பூச வேண்டும். பற்பசையால் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்கள் இரண்டாவது பாதியைச் செய்வதில்லை. எஞ்சியிருந்த பூச்சும் போய்விடுவதால் சில மாதங்களில் முன்னைவிட மோசமாக மஞ்சள் பூக்கும். நீர் ஊற்றியும் தெளியாமல், உட்புறத்தில் திவலைகள் தெரிந்தால் விளக்கின் சீல் விட்டுப்போயிருக்கிறது.

நெடுந்தூர இரவுப் பயணத்தில் பெட்ரோல் பங்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிடலாம். ஒரே துணிதான் இருக்கிறது என்றால் முன்பக்கக் கண்ணாடியை முதலில் துடைத்துவிட்டு, விளக்குகளைப் பிறகு துடையுங்கள். விளக்கின் மணல் துணியோடு கண்ணாடிக்குப் போய்விடக் கூடாது.